பல்கலைக்கழக நூலகத்தின் செய்திகளை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பது எப்படி

பல்கலைக்கழக நூலகத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. புதிய நூல்கள் வந்து இறங்குகின்றன. ஓர் இதழ்த் தொகுப்புக்குச் சந்தா தொடங்குகிறது, இன்னொன்றுக்கு முடிகிறது. தேர்வுக் காலத்தில் வாசிப்பறை கூடுதல் நேரம் திறந்திருக்கிறது. இருப்புச் சரிபார்ப்புக்காக நூல் வழங்கல் சில நாள்கள் நிற்கிறது. ஆய்வாளர்களுக்குப் பயிலரங்கு நடக்கிறது. ஆனால் இவற்றால் பயன்பெற வேண்டியவர்களில் பலருக்கு இச்செய்திகள் எட்டுவதே இல்லை. தன் நூலகம் பெரும் பணம் செலுத்திப் பெற்றிருக்கும் இதழில் உள்ள கட்டுரைக்காக, வேறு ஊரில் படிக்கும் நண்பரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவரை எந்த வளாகத்திலும் பார்க்கலாம். நூலகச் செய்திப் பணி அந்த மாணவருக்காகத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்கிறது. நூல் அடுக்குகளின் ஒழுங்கையும் நூற்பட்டியலையும் பற்றிப் பேசும்போது இவ்விதியை நினைவுகூர்கிறோம். அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டும்போது மறந்துவிடுகிறோம். நூலகச் செய்திகளைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட உதவி நூலகர்களும் பணியாளர்களும் அப்பணியை எவ்வாறு செய்யலாம் என்பதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சூழலை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

எது செய்தி, அது எங்கிருந்து வரும்

ஒரு தகவலை அறிந்த வாசகர் தாம் செய்யவிருந்ததை மாற்றிக்கொள்வாரா என்று கேட்டுப்பாருங்கள். மாற்றிக்கொள்வார் எனில் அது செய்தி. சனிக்கிழமை நூலகம் மூடியிருக்கும் என்றால், வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் பகுதிநேர ஆய்வாளர் பயணத்தைத் தள்ளிப்போடுவார். ஒரு தரவுத்தளத்தை வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்கத் தரும் முன்னோட்ட அணுகல் ஒரு மாதத்துக்குக் கிடைக்கிறது என்றால், தேவைப்படுவோர் அம்மாதத்துக்குள் பயன்படுத்திக்கொள்வர். மாறாக, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய படத்தால் எந்த வாசகரும் எதையும் மாற்றிக்கொள்ளப்போவதில்லை. அது நிறுவனத்தின் ஆவணத்துக்குத் தேவைதான். அதற்குரிய இடம் ஆண்டறிக்கை. செய்திப் பகுதியின் முதல் இடத்தை அத்தகைய படங்களே பிடித்துக்கொண்டிருந்தால், வாசகர் அப்பகுதியைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். பிறகு உண்மையிலேயே அவசரமான அறிவிப்பு வந்தாலும் அது அவர் கண்ணில் படாது.

செய்திகள் நூலகத்தின் ஒவ்வொரு பிரிவிலும் உருவாகின்றன, ஆனால் தாமாகச் செய்திப் பொறுப்பாளரிடம் வந்து சேருவதில்லை. நூல் கொள்முதல் பிரிவு, பருவ இதழ்ப் பிரிவு, நூல் வழங்கும் பிரிவு, குறிப்புதவிப் பிரிவு, கணினிப் பிரிவு ஆகியவற்றில் ஒவ்வொருவரைத் தொடர்பாளராகக் குறித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு குறித்த நாளில், எடுத்துக்காட்டாக வெள்ளி பிற்பகலில், நேரில் போய்க் கேட்டு வர வேண்டும். சுற்றறிக்கை அனுப்பித் தகவல் கேட்டால் பதில் வராது. கேட்கும் கேள்வியும் முக்கியம். “ஏதாவது செய்தி உண்டா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “இந்த வாரம் வாசகர்கள் உங்களிடம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்” என்று கேட்டால் இரண்டு மூன்று செய்திகள் உடனே கிடைக்கும். நூல் வழங்கும் பிரிவில் நாள் முழுவதும் ஒரே கேள்வி வருகிறது என்றால், அதற்கான அறிவிப்பு எங்கேயோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். கிடைத்த தகவல்களை ஒரே விரிதாளில் பதிந்து, யார் சொன்னார், எந்நாள் வரை செல்லுபடியாகும் என்பனவற்றையும் எதிரே குறித்துவிட வேண்டும்.

அறிவிப்பை எழுதும் முறை

இப்பணியில் மிகுந்த கவனம் கோருவது இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு தொடங்குவதற்கு முன் நம் நூலகங்களில் வழக்கமாக ஒட்டப்படும் தாள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“இதன்மூலம் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நூலகத்தில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்புப் பணி மேற்கொள்ளப்பட உள்ளதால் 12.05.2025 முதல் 23.05.2025 முடிய நூல்கள் வழங்கப்படமாட்டாது. அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இதில் பிழையேதும் இல்லை. ஆனால் படித்த மாணவருக்கு உடனே எழும் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இதில் விடையில்லை. நூலகத்துக்குள் வந்து படிக்கலாமா? கையிலிருக்கும் நூலைத் திருப்பித் தரலாமா? தவணை மே 15இல் முடிகிறதே, தாமதக் கட்டணம் விழுமா? படிப்பு முடிந்து வெளியேறுபவருக்கு நிலுவையின்மைச் சான்று கிடைக்குமா? இக்கேள்விகளோடு ஒவ்வொருவரும் மேசைக்கு வருவார்கள். சரிபார்ப்புக்கு ஒதுக்கிய பணியாளரின் நேரம் விடை சொல்வதிலேயே கரையும். அதே அறிவிப்பை இப்படி எழுதலாம்:

“மே 12 திங்கள் முதல் மே 23 வெள்ளி வரை நூல்கள் வீட்டுக்கு வழங்கப்படமாட்டா. வாசிப்பறையும் இதழ்ப் பிரிவும் வழக்கமான நேரத்தில் இயங்கும். கையிலுள்ள நூல்களை இந்நாள்களிலும் திருப்பித் தரலாம். இந்நாள்களில் தவணை முடியும் நூல்களை மே 26 திங்களன்று தாமதக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். நிலுவையின்மைச் சான்று வேண்டுவோர் நாள்தோறும் முற்பகலில் நூல் வழங்கும் பிரிவை அணுகலாம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பை முன்னிட்டு இந்த ஏற்பாடு.”

தேதியோடு கிழமை சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் கிழமையைக் கொண்டுதான் வாரத்தைக் கணக்கிடுகிறார்கள். எது நிற்கிறது என்பதற்கு அடுத்தே எது நிற்காது என்பது வந்துவிடுகிறது. காரணம் கடைசியில் இருக்கிறது, ஏனெனில் வாசகருக்கு அது கடைசியாகத்தான் வேண்டும். எழுதி முடித்ததும், நூலகத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அவர் கேட்பதைச் சேர்த்துவிட்டால் அறிவிப்பு முழுமையாகிவிடும்.

அறிவிப்பில் கொடுத்த வாக்கைக் கணினியும் காப்பாற்ற வேண்டும். தாமதக் கட்டணம் இல்லை என்று எழுதிவிட்டு, நூலக மென்பொருளின் நாள்காட்டியில் அந்நாள்களை விடுமுறையாகக் குறிக்காமல் விட்டாலும், விடுமுறை நாள்களைக் கணக்கில் சேர்க்காதபடி கட்டண விதியை அமைக்காமல் விட்டாலும், மே 26 அன்று வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் கட்டணம் ஏறியிருக்கும். அறிவிப்பை வெளியிடும் முன் கணினிப் பிரிவில் இதை உறுதிசெய்துகொள்வது செய்திப் பொறுப்பாளரின் கடமை. ஒருமுறை சொல் தவறினால், அடுத்த அறிவிப்பை நம்பாமல் எல்லாரும் நேரில் வந்து கேட்கத் தொடங்குவர்.

மொழி குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் அல்லது ஆங்கிலம் மட்டும் போதும் என்ற இரண்டு நிலைப்பாடுகளும் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தா. அறிவியல் துறைகளில் வெளிமாநில ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்; கலைத் துறைகளில் தமிழ்வழி பயின்று வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் தனித்தனியே எழுதுங்கள். ஆங்கிலச் சுற்றறிக்கையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒட்டும் தமிழ், படிப்பவரைத் தள்ளிநிறுத்தும்.

எங்கே, எவ்வடிவில் வெளியிடுவது

தமிழ்நாட்டில் பல கல்வி நிறுவன நூலகங்கள் கோகா என்னும் கட்டற்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதன் பொது நூற்பட்டியல் முகப்பில் செய்திகளை வெளியிடத் தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் வெளியாகும் நாளையும் நீங்கும் நாளையும் முன்கூட்டியே குறிக்கலாம். எந்த மொழி முகப்பில், எந்தக் கிளை நூலகத்துக்குத் தோன்ற வேண்டும் என்பதையும் தெரிவுசெய்யலாம். நீங்கும் நாளைக் குறிக்கும் வசதியை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். ஜூலை மாதத்தில் முகப்பைத் திறந்தால் சென்ற நவம்பர் மாதக் கண்காட்சிக்கு அழைக்கும் நூலகத்தில், நேற்று வந்த செய்தியையும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

நூற்பட்டியலைத் தேட வருபவர் ஏற்கெனவே நூலகத்தை நாடுபவர். வராதவரை எட்டத் துறைகளின் வாட்ஸ்ஆப் குழுக்கள்தான் வழி. ஒவ்வொரு துறையிலும் ஒரு வகுப்புப் பிரதிநிதியையும் ஓர் ஆய்வாளரையும் தெரிந்து வைத்துக்கொண்டு அவர்கள் வழியே அனுப்புங்கள். நூலகமே பெரிய குழு ஒன்றைத் தொடங்கி எல்லாரையும் சேர்த்தால், வணக்கச் செய்திகளும் பகிர்வுகளும் நிறைந்து ஒரே வாரத்தில் பாதிப்பேர் அதன் ஒலியை அடக்கிவிடுவார்கள். வாசலில் உள்ள கரும்பலகையையும் குறைவாக எண்ண வேண்டாம். “இன்று இரவு 10 வரை” என்று சுண்ணக்கட்டியில் பெரிதாக எழுதிய ஒரு வரியை, கடந்துபோகும் எவரும் படிக்காமல் போவதில்லை.

வண்ணச் சுவரொட்டியாக வடிவமைத்துப் படமாக மட்டும் அனுப்பும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பார்வைத் திறன் குறைந்த மாணவர்கள் திரைவாசிப்பான் கொண்டு படிக்கிறார்கள். படத்துக்குள் பொதிந்த எழுத்தை அது எப்போதும் சரியாகப் படித்துக்காட்டுவதில்லை. ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் வாசகரில் ஒரு பகுதியினரை அறிவிப்பிலேயே விலக்கிவைப்பது பெரும் அநீதி. படத்தை அனுப்புங்கள், அதன் கீழே முழுச் செய்தியையும் எழுத்தாகத் தாருங்கள். அவ்வெழுத்து, எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி தெரியும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் இருக்க வேண்டும். ஒருங்குறியையும், தமிழுக்கென வகுத்த டேஸ்-16 என்னும் குறியாக்க முறையையும் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்ற பின்னும், பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் அலுவலகங்களில் சுற்றிவருகின்றன. அவற்றை அப்படியே ஒட்டினால் வாசகரின் கைப்பேசியில் தொடர்பற்ற குறிகளே தெரியும், தேடினாலும் அகப்படாது.

மின்வளச் செய்திகள்

அதிகப் பணம் செலவாகி, மிகக் குறைவாக அறியப்படுவது இணையவழி இதழ்களும் தரவுத்தளங்களும் அடங்கிய இப்பகுதிதான். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் ஒன்றிய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டன. பல்கலைக்கழக நூலகங்களை வலைப்பின்னலில் இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. இச்செய்தியைப் பல இடங்களில் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். “13,000 இதழ்கள் கிடைக்கின்றன” என்று கேட்ட வேதியியல் ஆய்வாளர் அடுத்து என்ன செய்வார்? தம் துறையின் முதன்மையான பத்து இதழ்கள் அதில் உண்டா என்பதே அவருக்கு வேண்டும்.

ஆகவே இத்தகைய செய்தியைத் துறைவாரியாகப் பிரித்து எழுதுங்கள். பேராசிரியர்கள் வழக்கமாகக் கட்டுரை அனுப்பும் இதழ்களின் பட்டியலைத் துறையிலிருந்து வாங்கி, எவை கிடைக்கும், எவை கிடையா, எந்த ஆண்டுமுதல் கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். வளாகத்துக்கு வெளியிலிருந்து பயன்படுத்த, அம்மையம் தரும் இன்ஃபெட் என்னும் உள்நுழைவு வசதி இருந்தால், பயனர் பெயரை யாரிடம் பெறுவது, கடவுச்சொல் மறந்தால் யாரை அணுகுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். விடுதியில் தங்காத ஆய்வாளர்களும், மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஆய்வாளர்களும் இந்த ஒரு பத்தியால் அடையும் பயன் மிகப் பெரிது.

சந்தா முடியும் செய்தியையும் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்தால், ஆய்வாளர் தமக்கு வேண்டிய கட்டுரைகளை விதிகளுக்கு உட்பட்டுச் சேமித்துக்கொள்ள முடியும். முன்னோட்ட அணுகலைப் பொறுத்தவரை, தொடக்க நாளில் ஒரு செய்தி, முடிவதற்கு ஒரு வாரம் முன் இன்னொரு செய்தி, அதோடு கருத்துக் கேட்கும் சிறு படிவம். அடுத்த ஆண்டு வாங்குவதா வேண்டாமா என்று நூலகக் குழு முடிவெடுக்க அப்படிவங்களே சான்றாகும்.

புதிய நூல்கள்

புதுவரவுப் பட்டியலை மாதம் ஒருமுறை 300 தலைப்புகளோடு வெளியிட்டால் யாரும் முழுதும் படிப்பதில்லை. நூல் சேர்க்கப்பட்ட தேதியைக் கொண்டு மென்பொருளிலிருந்து பட்டியலை எடுத்து, துறைவாரியாகப் பிரித்து, அந்தந்தத் துறைக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அழைப்பெண் கட்டாயம் வேண்டும்; அது இல்லாத பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கில் நூலைத் தேட முடியாது. நூலை வாங்கப் பரிந்துரைத்தவருக்கு, பொதுப் பட்டியல் வெளியாகும் முன்பே தனியாகத் தெரிவித்து, சில நாள்கள் அவர் பெயரில் ஒதுக்கி வையுங்கள். அவ்வாறு செய்யும் நூலகத்தில் பரிந்துரைகள் ஆண்டுதோறும் பெருகும்.

நிகழ்வுகளைத் திட்டமிடுதல்

நூலக நிகழ்வுகளுக்கென வழக்கமான நாள்கள் சில உள்ளன. அரங்கநாதனின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். பிப்ரவரி 21 தாய்மொழி நாள். இவை எல்லாவற்றையும் ஒரே அளவில் கொண்டாட முயலும் நூலகம் ஒன்றையும் நன்றாகச் செய்யாது. நம் பல்கலைக்கழகங்களில் நவம்பரும் ஏப்ரலும் பருவத் தேர்வை ஒட்டிய மாதங்கள். அப்போது மாணவருக்கு வேண்டியது அமைதியான வாசிப்பறை, உரையரங்கு அன்று. ஆகவே நூலக வாரத்தில் கண்காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சிகளையும் உரைகளையும் ஆகஸ்ட், செப்டம்பர், பிப்ரவரி மாதங்களுக்கு ஒதுக்குவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

புத்தகக் கண்காட்சிக்கு விற்பனையாளர்களை அழைக்கும்போது, ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தெரிவுசெய்யும் படிவத்தை நுழைவாயிலிலேயே வைத்துவிட்டால், அந்த ஆண்டின் கொள்முதலில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடும். புதிய மாணவர் அறிமுக நிகழ்ச்சியை அரங்கில் உரையாக நடத்தாமல், இருபது பேர் கொண்ட குழுக்களாக நூல் அடுக்குகளுக்கிடையே அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு நூலை நூற்பட்டியலில் தேடி, அடுக்கில் எடுத்து, மேசையில் பதிந்து செல்லும்படி அமைப்பது நல்லது. நேரம் கூடுதலாகும், ஆனால் அதன்பின் அம்மாணவர் நூலகத்துக்கு வரத் தயங்கமாட்டார்.

ஆய்வாளருக்கான பயிலரங்குகளில் எப்போதும் கூட்டம் வருவது கருத்துத் திருட்டு பற்றியதற்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை எனில், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். ஒப்படைக்கும் வாரத்தில் இதை அறிந்து கலங்கும் ஆய்வாளர்கள் பலர். ஆதலால் இப்பயிலரங்கை இறுதியாண்டினருக்கு மட்டும் நடத்தாமல், பதிவுசெய்த முதல் ஆண்டிலேயே அழையுங்கள். அழைப்பிதழில் நேரம், இடம், வரம்பு எண்ணிக்கை ஆகியவற்றோடு, எதைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மடிக்கணினியும் தாம் எழுதிய நான்கு பக்கங்களும் கையில் இருந்தால், அங்கேயே மேற்கோள்களைச் சீர்செய்து பழகலாம்.

நிகழ்வு முடிந்த பிறகு

நிகழ்வுச் செய்தி மறுநாளே வெளிவர வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் யாருக்கும் அதில் நாட்டமிராது. யார் வரவேற்றார், யார் நன்றி கூறினார் என்பதை ஒரு வரியில் முடித்து, பேச்சில் சொல்லப்பட்ட பயனுள்ள கருத்துகளையும் காட்டப்பட்ட வழிமுறைகளையும் எழுதுங்கள். வர இயலாதவருக்கு அதுதான் பயன்படும். வழங்கிய விளக்கப்படங்களைப் பேச்சாளரின் ஒப்புதலோடு இணையுங்கள். மாணவர்களின் படங்களை வெளியிடும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழ், வருகைப் பதிவேடு, படங்கள், கருத்துப் படிவங்கள் ஆகியவற்றை அன்றே ஒரே கோப்புறையில் தேதியிட்டுச் சேர்த்துவிடுங்கள். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வரும் ஆண்டில் இவற்றைத் தேடி அலைவது எல்லா நூலகங்களிலும் நடக்கிறது. முகப்பிலிருந்து நீங்கிய செய்திகளையும் அழிக்காமல் ஆண்டுவாரியாகச் சேமியுங்கள். ஒரு துறையின் பழைய தொகுப்பு எந்த ஆண்டு நூலகத்துக்கு வந்தது, ஓர் அறிஞரின் குடும்பத்தார் அவருடைய நூல்களை எப்போது நன்கொடையாகத் தந்தனர் என்பனவற்றைப் பிற்காலத்தில் தேடுவோருக்கு இச்சிறு செய்திகளே ஆவணமாகும்.

செய்திப் பணிக்கான மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள், விரிதாள் ஆகியவற்றை எவருடைய சொந்தப் பெயரிலும் தொடங்காமல் நூலகத்தின் அலுவல் முகவரியில் தொடங்குங்கள். கடவுச்சொற்களை நூலகரிடம் உறையிட்டு ஒப்படையுங்கள். பொறுப்பாளர் பணிமாறும்போது, துறைத் தொடர்பாளர்களின் பட்டியலையும், அவ்வாண்டில் இன்னும் வெளியிட வேண்டிய செய்திகளின் குறிப்பையும், சந்தாக்கள் முடியும் நாள்களையும் எழுத்தில் கொடுத்து, புதியவரோடு இரண்டு வெள்ளிக்கிழமைகள் பிரிவு பிரிவாக உடன் நடந்து அறிமுகப்படுத்திவிட்டுச் செல்ல வேண்டும்.